சரித்திர நாவலும் கற்பிட்டிக் கரையும்



சரித்திர நாவல் என்றதும் தமிழ் வாசகரின் அகக்கண்முன் தோன்றுவன புரவிகளும், கோட்டை கொத்தளங்களும், இரகசியச் சுரங்க வழிகளும், மாறுவேடம் பூண்ட இளவரசர்களுமே ஆகும். இவ்விலக்கிய வகையில் ஈழநாட்டுத் தமிழருக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மோகனாங்கி’ என்னும் நாவலையே தமிழில் எழுந்த முதற் சரித்திர நாவலென ஆராய்ச்சியாளர் கொள்வர். அது நாயக்க மன்னர் காலத்தைக் களமாகக் கொண்டது. பின்னர் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதிய கல்கி அவர்கள், அக்கதையின் ஒரு பகுதியை நம் நாட்டிலேயே நிகழ்வதாக அமைத்தார். ஆயினும் இவையெல்லாம் முடிமன்னரைப் பற்றிய கதைகள். நமக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு மட்டுமே முற்பட்டதும், முடிமன்னர் எவரும் நேரிலே தோன்றாததுமான ஒரு காலத்தை, அதுவும் புத்தளக் கடற்கரையைக் களமாகக் கொண்டு ஒருவர் நாவல் எழுதப் புகுந்தால், அவர் எவற்றைத் தேடவேண்டும், எவ்வாறு எழுதவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அந்தக் காலம் எது என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தசுவாதீனம் இழந்தமையால், அவருடைய மூத்த மைந்தர் 1811 பெப்ரவரி 5ஆந் திகதி முதல் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1820 சனவரி 29ஆந் திகதி தந்தை இறக்க, மைந்தர் நான்காம் ஜோர்ஜ் என்னும் பெயரோடு அரியணை ஏறினார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளையே ஆங்கிலேயர் ‘ரீஜென்சி’ என்பர். நாம் அதனைப் பதிலாட்சிக் காலம் எனலாம். ஆங்கில நாவலாசிரியருக்கு இக்காலத்தின்மீது தனிப்பட்ட மோகம் உண்டு. ஜேன் ஒஸ்ரின் அம்மையாரின் நாவல்கள் வெளிவந்தது இக்காலத்திலேதான். அவருடைய ‘எம்மா’ என்னும் நாவல் 1815ஆம் ஆண்டின் இறுதியில் பதிலாட்சி இளவரசருக்கே அர்ப்பணமாக வெளிவந்தது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, ஜோர்ஜெற் ஹேயர் என்னும் பெண்மணி அக்காலத்தின் ஆடை, அணிகலன், வண்டி, விலைவாசி, பேச்சு வழக்கு ஆகியவற்றைக் குறிப்பேடுகளிலே திரட்டி வைத்துக்கொண்டு நாவல்கள் எழுதினார். 1935இல் வெளிவந்த அவருடைய பதிலாட்சிக் கால நாவலுக்குப் பின்னர் இது ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது.

இதனினும் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. சேர் வால்டர் ஸ்கொட் தம் ‘வேவர்லி’யைப் பெயர் குறியாது வெளியிட்டது 1814ஆம் ஆண்டில். ஐரோப்பியச் சரித்திர நாவல் என்னும் நெடுமரத்துக்கு அதுவே வித்து என்பர். ஆகவே சரித்திர நாவலுக்கு உரிய களமாக இன்று விளங்கும் அக்காலமே சரித்திர நாவல் பிறந்த காலமுமாகும்.

இனி நம் கரைக்கு வருவோம். இலண்டன் மாநகரிலே நடன மண்டபங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்த அதே இரவுகளில், கற்பிட்டிக் கோட்டையின் முருகைக்கல் மதிலுக்கு வெளியே தேங்காயெண்ணெய் விளக்குகள் எரிந்தன. இரண்டு விளக்குகளும் ஒரே முடியின் ஆணைக்கு உட்பட்டவை. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கற்பிட்டியைக் கைப்பற்றினர். பதிலாட்சிக் காலம் தொடங்கியபோது பதினாறாண்டு நிறைந்த பிள்ளைகள் ஒல்லாந்தக் கொடியைக் கண்டறியாதவர்கள். அவர்தம் பெற்றோரோ அக்கொடியின்கீழ் வளர்ந்தவர்கள். ஒரே வீட்டிற்குள் இரண்டு ஆட்சிகளின் நினைவு கலந்திருந்தது. இது நாவலாசிரியருக்கு வாய்த்த நல்ல களம் அன்றோ?

அக்களத்தின் இயல்பைச் சற்றே பார்ப்போம். புத்தளம் வாவி வடக்கு நோக்கிக் கடலுடன் கலக்கும் ஒரு நீண்ட நீர்ப்பரப்பு. அதன் மேற்கிலே நிலநாக்குப்போல் நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். வாவியின் வாயிலைக் காப்பது கற்பிட்டி. எனவே கற்பிட்டியைக் கையில் வைத்திருப்பவர் புத்தளத்தின் வாணிகத்தை ஆளலாம். இந்த உண்மையை நன்கு உணர்ந்த ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை கட்டினர். போர்த்துக்கேய யேசுசபையாரின் தேவாலயமும் இல்லமும் அக்கோட்டைக்குள் அடங்கின. ஆயினும் 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கைவரை புத்தளக் கரை கண்டியரசனுக்கே உரியதாயிருந்தது. மலைநாட்டு மக்களுக்கு வேண்டிய உப்பு இக்கரையிலிருந்தே சென்றது. உப்பும் கருவாடும் துணியும் தவளமாடுகளின் முதுகிலே குருநாகல் வழியாக மேலேறும். பாக்கும் பிற விளைபொருள்களும் கீழிறங்கும். உப்பைத் தடுப்பவன் கண்டியைத் தடுக்கலாம் என்பது ஒல்லாந்தர் கண்ட அரசியல். ஆங்கிலேயரும் உப்பை அரசின் தனியுரிமையாகவே வைத்துக்கொண்டனர். ஆகவே இக்கரையில் எழும் நாவலிலே உப்பளம் வெறும் பின்னணியாக நிற்க முடியாது. கதையின் நரம்பே அதுவாக இருத்தல் கூடும்.

இக்கரையில் வாழ்ந்தோர் எத்தகையோர்? முக்குவர், கரையார், செட்டிகள், முஸ்லிம்கள், சிங்களவர், கத்தோலிக்கர், சைவர், ஆட்சி மாறியபின்னும் இங்கேயே தங்கிவிட்ட ஒல்லாந்தக் குடும்பத்தினர், ஆங்கில அதிகாரிகள் சிலர் எனப் பல திறத்தார் வாழ்ந்தனர். அக்காலத்து இலங்கைப் படையணிகளிலே மலாயரும் ஆபிரிக்கரும் போர்வீரராயிருந்தனர். ஆபிரிக்கருட் பலர் கோவாவில் விலைக்கு வாங்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்டவர்கள். அவர்தம் வழித்தோன்றல்கள் பின்னாளிலே புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிற் குடியேறி, போர்த்துக்கேயக் கலப்புமொழிப் பாடல்களை வழிவழியாகக் காத்துவந்துள்ளனர். ஆங்கில நாவலாசிரியர் ‘சமுதாயம்’ என்று எழுதும்போது சில நூறு பிரபு குடும்பங்களையே கருதுவார். புத்தளக் கரையின் சமுதாயத்தை எழுதப் புகுவோர் ஒரு சிறு சந்தையிலே ஐந்து மொழிகளைக் கேட்கவேண்டியிருக்கும்.

அவற்றைக் கேட்கும் வழி யாது? இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது.

நமக்கு வாய்த்த முதற் சான்றாளர் சைமன் காசிச்செட்டி அவர்கள். அவர் 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிலே பிறந்தார். பதிலாட்சிக் காலம் தொடங்கியபோது நான்கு வயதை எட்டாத குழந்தை. அது முடிந்தபோது பதின்மூன்று வயதை எட்டாத சிறுவன். அக்கரையின் மண்ணிலே விளையாடி, அதன் முதியோர் பேசக் கேட்டு வளர்ந்தவர், பின்னர் புத்தளத்தின் மணியகாரராக இருந்தபோது 1834ஆம் ஆண்டில் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஊர்ப் பெயரகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1838இல் சட்ட நிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியானார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துத் ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலை 1859இல் அளித்து, அடுத்த ஆண்டில் மறைந்தார். முற்காலத்தில் புத்தளத்து முக்குவத் தலைவர் பதினெண்மர் கூடி நீதி வழங்கிய ‘முத்திரைக்கூடம்’ என்னும் சபையைப்பற்றி நாம் அறிவது பெரிதும் அவர் எழுத்தினாலேயே ஆகும்.

இத்தகைய சான்றாளரைப் பெற்றது பெரும்பேறு. ஆயினும் சான்றாளரையும் வினாவுதல் ஆராய்ச்சியாளரின் கடமை. அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆகவே ஆள்வோர் அறிய விரும்பியவற்றுக்கு முதலிடம் தந்தார். அவர் அரசாங்க அலுவலர்; ஆகவே ஊரின் பெயரும், குடித்தொகையும், விளைபொருளும், கோயிலும், குளமும் அவர் ஏட்டில் நிறைந்துள்ளன. அடுக்களையில் என்ன சமைத்தார்கள், விதவையானவள் எவ்வாறு வாழ்ந்தாள், உப்பு வாரியவனின் உள்ளங்காலில் வெடிப்பு எத்துணை ஆழம் என்பவை அவற்றில் இல்லை. அகராதி கூறாது விட்டதைக் கதை கூறவேண்டும். ஆனால் அகராதி கூறியதை முற்றும் படித்த பின்னரே அது எங்கே மௌனமாகின்றது என்பது புலனாகும்.

அவரையடுத்து வருவோர் பிறநாட்டார். றொபேட் பேர்சிவல் என்னும் படை அலுவலர் 1803இலும், ஜேம்ஸ் கோடினர் என்னும் குருவானவர் 1807இலும் இலங்கையைப்பற்றி நூல்கள் வெளியிட்டனர். சுங்க நிருவாகத்தில் இருந்த பேற்றோலாச்சி 1817இல் நாட்டின் வேளாண்மை, வாணிகம், வருவாய் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினார். மருத்துவராகிய ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இங்கிருந்து, 1821இல் தம் நூலை வெளியிட்டார். பேர்சிவல் போர்வீரனின் கண்ணாலும், கோடினர் குருவின் கண்ணாலும், பேற்றோலாச்சி கணக்கனின் கண்ணாலும், டேவி மருத்துவனின் கண்ணாலும் பார்த்தனர். நான்கு கண்களும் வெளியிலிருந்து வந்தவை. நாம் அவற்றைத் தள்ளிவிடுதலும் தவறு. அவற்றையே நம் கண்ணாகக் கொள்ளுதலும் தவறு.

அச்சிட்ட சான்றுகளுள் 1802 மார்ச்சு 15ஆந் திகதி முதல் வெளிவரத் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சட்டங்களும் நியமனங்களும் மட்டுமன்றி, ஏலமும், கப்பல்களின் வரவும், மரண அறிவித்தல்களும் அதில் உண்டு. நாவலாசிரியருக்கு ஓர் ஏல அறிவித்தல் ஒரு வீட்டின் முழுத் தளபாடத்தையும் காட்டிவிடும். பின்னாளில் 1908இல் பிராங் மொடர் எழுதிய புத்தள மாவட்டக் கைந்நூலும், 1913இல் ஜே. பி. லூயிஸ் தொகுத்த கல்லறைச் சாசனங்களின் பட்டியலும் உண்டு. அச்சேறாத ஒல்லாந்தத் தோம்புகளும், நீதிமன்றப் பதிவுகளும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பொறுமையுடையோருக்காகக் காத்திருக்கின்றன.

ஏட்டிலேறாத சான்றுகளும் உள. உடப்புக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களின் ஓசையில் உடலுழைப்பின் தாளம் கேட்கின்றது. குதிரைமலையிலே அல்லியரசாணி ஆண்டாள் என்னும் கதை இன்னும் வழங்குகின்றது. இவை சரித்திரமாகா, எனினும் 1815இல் வாழ்ந்த ஒரு மீனவன் தன் மகளுக்கு இரவில் சொல்லியிருக்கக்கூடிய கதைகள் இவையே. நடந்தவற்றை அறிய வர்த்தமானி துணைசெய்யும். மக்கள் எதனை நம்பினர் என்பதை அறிய ஊர்க்கதை துணைசெய்யும். நாவலுக்கு இரண்டும் வேண்டும்.

இனி, சின்னஞ்சிறு பொருள்களிலே நாவலாசிரியர் தடுக்கி விழும் இடங்களைச் சொல்லுகின்றேன். பதிலாட்சிக் காலத்துக் கற்பிட்டியிலே விருந்தினருக்குத் தோட்டத்துத் தேயிலை கொடுத்தல் ஆகாது. மலைநாட்டிலே தேயிலைப் பயிர் வாணிகமாகத் தொடங்கியது 1867இல். தீக்குச்சி கிழித்து விளக்கேற்றுதலும் ஆகாது. உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி இங்கிலாந்திலேயே 1827இல்தான் விற்பனைக்கு வந்தது. கடிதத்தில் முத்திரை ஒட்டினால் அதுவும் பிழை. இலங்கைக்கு அஞ்சல் முத்திரை வந்தது 1857இல். இன்று தலவிலவிலே பல்லாயிரவர் கூடும் அன்னம்மாள் ஆலயத்தின் தற்போதைய பெருங்கட்டிடமும் அந்நாளில் இல்லை. அது அடுத்த தலைமுறையின் பணி.

பணத்தைப் பாருங்கள். இலங்கையில் ஸ்ரேலிங் நாணயம் அரச நாணயமானது 1825இல். அதற்கு முன்னர் வழங்கியது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற றிக்ஸ் தாலர். நம்மவர் அதனை இறைசால் என்றனர். ஓர் இறைசாலுக்குப் பன்னிரண்டு பணம். கதையில் ஒருவன் ‘ரூபா’வை எண்ணிக் கொடுக்கும்போது, அக்காசு அக்கரையில் எவ்வாறு அவன் மடிக்கு வந்தது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

காலத்தைப் பாருங்கள். சுயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இங்கு வந்துசேரப் பல மாதங்கள் கழியும். வாற்றலூப் போர் 1815 யூன் 18இல் நிகழ்ந்தது. கற்பிட்டிக் கோட்டையிலே யூலை மாதத்தில் அவ்வெற்றிக்கு விருந்து வைப்பதாக எழுதினால், ஆசிரியரின் கப்பல் காற்றினும் கடிது ஓடியதாகும். செய்தி வரும்வரை கோட்டையிலிருந்தோர் நெப்போலியன் மீண்டும் ஐரோப்பாவை ஆள்வதாகவே எண்ணி அஞ்சிக்கொண்டிருப்பர். அந்த அறியாமை ஒரு நல்ல அத்தியாயத்துக்குப் போதிய பொருள். கொழும்பிலிருந்து புத்தளம் ஏறக்குறைய 80 மைல். பல்லக்கிலும், தோணியிலும், கால்நடையாகவும் அத்தூரத்தைக் கடந்த காலம் அது. பாத்திரங்கள் நினைத்த நாளிலே கொழும்புக்குச் சென்று திரும்புதல் இயலாது.

மொழியைப் பாருங்கள். நாம் இன்று கந்தோர் என்பது ஒல்லாந்தர் சொல். சப்பாத்தும், அலுமாரியும், அலவாங்கும் போர்த்துக்கேயர் தந்தவை. இச்சொற்கள் அந்நாளில் மக்கள் நாவிலே புழங்கினவாதலால் அவற்றை நாவலாசிரியர் அஞ்சாது ஆளலாம். ஒல்லாந்தக் குடும்பங்களின் வீட்டினுள்ளே போர்த்துக்கேயக் கலப்புமொழியும் கேட்டது. இவற்றையெல்லாம் விடுத்து எல்லாப் பாத்திரங்களையும் சங்கத் தமிழில் உரையாடச் செய்தால், அக்கரை கரையாக இராது, நாடக மேடையாகிவிடும்.

இவையெல்லாம் புறப்பொருள்கள். சரித்திர நாவலின் உயிர் இவற்றில் இல்லை. அக்காலத்தில் மனிதர்க்கு எது நேர்ந்தது, அதனால் அவர் நெஞ்சில் எது நிகழ்ந்தது என்பதிலேயே உள்ளது. பதிலாட்சிக் காலத்தில் இந்நாட்டில் நிகழ்ந்த பெரு நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. 1814ஆம் ஆண்டில் கண்டி நாட்டிற்குச் சென்ற ஆங்கில ஆட்சிக்குட்பட்ட வணிகர் பதின்மரைக் கண்டியரசன் ஒற்றரெனக் கருதி அங்கங் குறைத்தான். அவருட் பெரும்பாலோர் இறந்தனர். இதனையே காரணங்காட்டித் தேசாதிபதி பிரௌன்றிக் படையெடுத்தார். 1815 மார்ச்சு 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இறுதி மன்னன் சிறீ விக்கிரம ராசசிங்கன் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். புத்தளத்திலிருந்து தவளம் ஓட்டிய வணிகன் ஒருவன் இச்செய்தியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பான்? வழியில் எல்லைக் காவல் நீங்கியதை எண்ணி மகிழ்ந்தானோ? தன் தந்தை காலந்தொட்டு உப்பு வாங்கிய அரசு மறைந்ததை எண்ணி வருந்தினானோ? அரசியல் ஏடுகள் பிரௌன்றிக்கின் மனத்தைக் கூறும். வணிகனின் மனத்தை நாவலே கூறவேண்டும்.

ஆனால் பதிலாட்சி இளவரசரின் பெயர் நம் மக்களின் வாழ்வை நேராகத் தொட்ட நிகழ்ச்சி வேறொன்று. சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அக்காலத்தில் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தார். 1811ஆம் ஆண்டுச் சாசனத்தின் பயனாக நம் நாட்டினரும் யூரர்களாக அமர்ந்து நீதி வழங்கும் உரிமை பெற்றனர். அவ்வுரிமையைப் பெற்றோரைப் பார்த்து, சுதந்திரருக்குரிய பெருமையை அடைந்த நீங்கள் பிறரை அடிமைகளாக வைத்திருத்தல் தகுமோ என்னும் கருத்தை ஜோன்ஸ்டன் வற்புறுத்தினார். அதன் விளைவாக, 1816 ஆகஸ்டு 12ஆந் திகதியிலும் அதற்குப் பின்னும் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் எனக் கொழும்பு முதலிய இடங்களின் அடிமையுடையோர் பலர் தீர்மானித்தனர். அப்பிள்ளைகள் பதினான்கு வயதுவரை எசமானர் வீட்டில் ஊண், உடை பெற்று ஊழியம் செய்தல் வேண்டும். பின்னர் அவர்கள் தம்முரிமையர்.

ஆகஸ்டு 12ஆந் திகதியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் யாது? அது பதிலாட்சி இளவரசரின் பிறந்தநாள். 1762 ஆகஸ்டு 12இல் அவர் பிறந்தார். களியாட்டத்திலும், கட்டிடங்களிலும், ஆடையலங்காரத்திலும் பொருளை இறைத்தவரெனப் பெயர்பெற்ற அவருடைய பிறந்தநாள், அவரை ஒருபோதும் காணாத அடிமைப் பெண்களின் கருப்பையிலே ஒரு கோடு கிழித்தது. ஆகஸ்டு 11ஆந் திகதி இரவில் பிறந்த குழவி அடிமை. விடிந்தபின் பிறந்த குழவி சுதந்திர மனிதன். ஒரே தாய்க்கு இரண்டாண்டு முன்னர் பிறந்த மூத்தவன் அடிமையாகவே இருக்க, இளையவன் பதினான்காம் வயதில் வாயிற்படியைத் தாண்டி வெளியேறலாம். அடிமைத்தனம் இந்நாட்டிலே சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். அதுவரை அந்த இரு சகோதரர் ஒரே முற்றத்திலே வெவ்வேறு மனிதராக வாழ்ந்திருக்கவேண்டும்.

கற்பிட்டிக் கோட்டையையடுத்த ஒரு வீட்டிலே இத்தகைய தாய் ஒருத்தியை நாவலாசிரியர் கற்பனை செய்வாராக. அவளுடைய பெயரை எந்தக் கல்லறையிலும் காண முடியாது. கற்பிட்டியின் ஒல்லாந்தத் தேவாலயத்திலே எசமானர்களின் கல்லறைகள் செதுக்கிய எழுத்துக்களோடு உள்ளன. அவள் கிடக்கும் மணலிலே கல் இல்லை. அக்காலத்து ஒழுங்குவிதிகள் அடிமைகளைப் பதிவுசெய்யும்படி உடைமையாளரை வேண்டின. அவ்வாறான பட்டியல்களிலே தந்தை பெயரும் குலப் பெயருமின்றி, உடைமையாளன் இட்ட ஒற்றைப் பெயராக அவளைப் போன்றோர் நிற்பர். அவளைப்பற்றி எழுதுவதற்கு நமக்குள்ள ஆதாரம் அவளை உடையவன் எழுதிய ஆதாரமே. இங்கேதான் சரித்திர ஆசிரியரும் நாவலாசிரியரும் பிரிகின்றனர். சரித்திர ஆசிரியர் ‘இத்தகையோர் இருந்தனர்’ என்று கூறி நிறுத்திக்கொள்ளக் கடமைப்பட்டவர். நாவலாசிரியர் அவளுக்கு ஒரு குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

ஆயின் அக்குரலை எங்ஙனம் கொடுப்பது? இதற்கு ஒரு நெறி கூறுவேன். சரித்திர நாவலில் மூவகைச் செய்திகள் உள. உறுதியாக அறிந்தவை முதல்வகை. நிகழ்ந்திருக்கக் கூடியவை இரண்டாம் வகை. ஆசிரியர் தாமே படைத்தவை மூன்றாம் வகை. பல்லவ நரசிம்மவர்மரும் புலிகேசியும் வரலாற்றிலே வாழ்ந்தவர். சிவகாமியோ கல்கியின் படைப்பு. வாசகர் சிவகாமிக்காகக் கண்ணீர் விட்டாலும் சரித்திரத்துக்கு ஊறு நேர்வதில்லை. எனெனில் சான்றுகள் மௌனமாயிருக்கும் இடத்திலேயே அவள் நிற்கின்றாள். சான்று பேசுமிடத்தில் அதனை மறுத்து எழுதுதல் கற்பனையாகாது, பொய்யாகும். கற்பிட்டித் தாயின் சொற்களை ஆசிரியர் படைக்கலாம். ஆகஸ்டு 12ஐ ஆகஸ்டு 10 ஆக்கி அவளுடைய மூத்த மகனை விடுவித்தல் ஆகாது. அவ்விரக்கம் உண்மையான அடிமைகளின் துன்பத்தை மறைத்துவிடும். அவ்வாறே அவளை நம் காலத்து உரிமை வீராங்கனைபோலப் பேசவைத்தலும் பொருந்தாது. அவளுக்குத் தெரிந்த உலகத்துள்ளே அவள் எதனை விரும்பியிருப்பாள்? மகனின் பெயர் எந்தப் பட்டியலில் எழுதப்படுகின்றது என்பதையும், அவன் பிறந்த நாளுக்குச் சாட்சி சொல்ல யார் உளர் என்பதையும் அவள் நினைத்திருப்பாள். பிறந்த நாளை எழுதிவைக்கும் வழக்கமில்லாத வீட்டிலே, ஒரு மருத்துவிச்சியின் சொல்லே ஒரு மனிதனின் விடுதலைக்கு ஆதாரமாகும். நாவலின் முடிச்சு அங்கே இருக்கின்றது.

இன்னுமொரு தீமையைக் குறித்து எச்சரித்தல் வேண்டும். புத்தளக் கரையிலே ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் பழைமையைப் பேசும் கதை உண்டு. கோட்டை மன்னனின் ஏவலால் வந்த கரையார் படை முக்குவரை வென்றதாக ‘முக்கர ஹட்டன’ என்னும் சிங்கள ஏடு பாடுகின்றது. முக்குவர் ஆண்ட பெருமையைப் புத்தளத்து மரபு பேசுகின்றது. முஸ்லிம்களுக்கும், செட்டிகளுக்கும், கத்தோலிக்கருக்கும் தத்தம் வரலாறுகள் உள. நாவலாசிரியர் இவற்றுள் ஒன்றுக்கு வழக்கறிஞராகிவிட்டால், அவருடைய நூல் குலப்பெருமை கூறும் பட்டயமாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு பாத்திரமும் தன் கதையைத் தானே நம்புமாறு எழுதி, அவை ஒரே தோணியிலே ஏறி வாவியைக் கடக்குமாறு செய்பவரே நல்லாசிரியர். வாவியின் நடுவில் காற்று எழும்போது தோணியிலுள்ளார் அனைவருக்கும் துடுப்பு ஒன்றே.

இவற்றையெல்லாம் ஒரு தனி மனிதர் செய்ய இயலுமோ என்று நேயர்கள் ஐயுறலாம். ஹேயர் அம்மையார் குறிப்பேடுகளை நிரப்பியது ஒரு நாளில் அன்று. நம் இளைஞரும் அவ்வாறே தொடங்கலாம். ஒரு குறிப்பேட்டிலே பணமும் அளவையும். மற்றொன்றிலே ஊர்களின் பழம்பெயர். இன்னொன்றிலே முதியோர் வாய்ச்சொற்கள். பழைய குடும்பங்களின் பெட்டிகளிலே உறுதிகளும், கணக்கோலைகளும், திருமணப் பொருத்த ஏடுகளும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்தெழுதிக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்து, சுவடிகள் திணைக்களத்துக்குத் தெரிவித்தல் நன்று. நாவல் எழுதப்படாது போயினும் இத்தொகுப்பு வீண்போகாது.

ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரரும் கடற்படைத் தளபதியுமாகிய சாள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவில் இறந்து, நம் திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வம்மையாரின் கதைகளைப் படித்தோர் அக்கல்லறையைத் தேடி இன்றும் வருகின்றனர். ஒரு நாவல் ஒரு காலத்தை எத்துணை உயிரோடு காத்துவைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அதே காலத்தில் புத்தளம் வாவியின் கரையிலே உப்பு வாரியவர்களும், தவளம் ஓட்டியவர்களும், ஆகஸ்டு மாதத்து இரவிலே விடியலை எதிர்நோக்கிப் பிரசவ வேதனையுற்றவர்களும் இருந்தனர். அவர்களைத் தேடி வாசகர் கற்பிட்டிக்கு வரவேண்டுமாயின், முதலில் அவர்களைப்பற்றித் தமிழில் ஒருவர் எழுதவேண்டும். அதற்கு வேண்டிய ஏடுகள் இருக்கின்றன. கோட்டையும் இன்று கடற்படையினர் பொறுப்பிலே நிற்கின்றது. வாவியும் உப்பளமும் அங்கேயே உள்ளன.